போருக்குப் போய்வந்தவர்களின் கதை: எதில் பதிவது, யாரிடம் வைப்பது

எங்கள் ஒழுங்கையில் இருந்த அண்ணை ஒருவர் போன புரட்டாதியில் மாரடைப்பில் போய்விட்டார். 1984 இல் பதினெட்டு வயதில் வீட்டை விட்டு இயக்கத்துக்குப் போனவர். பிறகு விலகி வந்து, தோட்டம் செய்து, இரண்டு பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்தவர். அவருடைய கதையை ஆறுதலாக இருந்து கேட்டுப் பதியவேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூட வேலை, சோதனைத்தாள், மழை என்று ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. அந்தியேட்டிக்குப் போனபோது அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், நீங்கள் வருவீங்கள் எண்டு ஒருநாள் சேட்டும் மாத்திக்கொண்டு இருந்தவர்" என்றார். அதற்குப் பிறகு தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஆறு பேர் கூடிக் கதைத்தோம். பதியவேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு வழி. பெடியள் வீடியோ எடுத்து யூரியூப்பில் போடலாம் என்றார்கள். நிலையத்தின் செயலாளர் எல்லோரையும் எழுதவைத்து ஒரு மலராக அடிக்கலாம் என்றார். ஒருவர், பதிவுகளைக் கனடாவில் உள்ள தன் தம்பிக்கு அனுப்பிவிட்டால் பாதுகாப்பு என்றார். இன்னொருவர் எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். நான் ஏழு வருடமாகத் தனியாக இந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவருகிறேன். பிழைகளும் விட்டிருக்கிறேன். அன்று நாங்கள் எதை எதோடு வைத்துப் பார்த்தோம், ஏன் இந்த முடிவுக்கு வந்தோம் என்று இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்களிலும் இதே கேள்வியோடு ஆட்கள் இருப்பார்கள்.

முதலில் யாருடைய கதை என்பது. எந்த இயக்கத்தில் இருந்தவர் என்று நாங்கள் பிரிக்கவில்லை. காயப்பட்டவர்களைத் தூக்கியவர்கள், மருந்து கட்டியவர்கள், வாகனம் ஓடியவர்கள் எல்லோரும் இதற்குள் வருவார்கள். ஆனால் வயது முக்கியம். 1983, 84 இல் போனவர்கள் இப்போது அறுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். இறுதிக் காலத்தில், 2008 இல் வன்னியில் பதினேழு பதினெட்டு வயதில் அகப்பட்டவர்கள் இன்னும் முப்பதுகளில்தான் இருக்கிறார்கள். போர் முடிந்து அரசின் தடுப்பில் இருந்து வந்து, கல்யாணம் கட்டி, சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். மூத்தவர்களுக்கு ஆயுள் பயம். இளையவர்களுக்கு இருப்பது வேறு பயம். இரண்டு பேருக்கும் ஒரே வழி பொருந்தாது என்பது கூட்டம் தொடங்கி ஒரு மணித்தியாலத்திலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது.

இந்த வேலைக்கு உலகத்தில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2000 இல் காங்கிரஸ் சட்டம் போட்டு, போர்வீரர்களின் நினைவுகளைச் சேர்க்கும் திட்டம் ஒன்றை அந்த நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் தொடங்கியது. பேரப்பிள்ளைகூடத் தன் தாத்தாவைப் பேட்டி எடுத்து அனுப்பலாம். பதிவு அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது, வெட்டி ஒட்டக்கூடாது. கடிதங்கள், படங்களையும் எடுப்பார்கள். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தொகுப்புகள் சேர்ந்திருக்கின்றன. நல்ல முறை. வெட்டாமல் முழுதாக வைக்கவேண்டும் என்ற பாடத்தை நான் அங்கிருந்துதான் எடுத்தேன். ஆனால் அங்கே கதை சொல்பவர் தன் பெயரை, தன் படைப்பிரிவை, தன் பதக்கத்தைச் சொல்லிக்கொண்டு வந்து உட்காருகிறார். சேர்த்துவைப்பது அவருக்காகச் சட்டம் போட்ட அதே அரசு. இங்கே ஒருவர் வாய் திறக்கும்போது முதலில் எழும்பிப்போய்ப் படலையைப் பார்த்துவிட்டு வருகிறார். 1979 இல் தற்காலிகம் என்று வந்து 1982 இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வளர்ந்த வீடுகள் எங்களுடையவை. ஆகவே அங்கத்தைய முறையை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது.

வீடியோவா, குரலா, கொப்பியா

வீடியோவுக்கு இருக்கும் பலம் எனக்கும் தெரியும். முகம் சொல்வதை வாய் சொல்லாது. கை எப்படி நடுங்குகிறது, எந்த இடத்தில் கண் நிலத்துக்குப் போகிறது என்று பிறகு பார்க்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய சொத்து. ஆனால் கமராவைக் கண்டதும் எங்கள் ஆட்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மேடைத் தமிழ் வந்துவிடும். "நாங்கள் அன்று களமாடியபோது" என்று தொடங்கினால் பிறகு அந்த ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அது சின்னக் குறை. பெரிய குறை வேறு. எனக்குத் தெரிந்த வேறு ஒரு ஊரில், நல்ல மனதோடுதான், ஒரு பெண் போராளியை வீடியோ எடுத்து ஆறு நிமிடத் துண்டாக வெளியே போட்டார்கள். அவ சம்மதித்துத்தான் பேசினா. இரண்டு மாதத்தில் அவவின் தங்கைக்குப் பேசிவந்த சம்பந்தம் நின்றுபோனது. வீடியோவை எடுத்துவிட்டார்கள், சரி. அதற்குள் யார் யாரோ இறக்கி வைத்துக்கொண்டார்கள். பிறகும் அது வட்ஸ்அப் வழியாகச் சுற்றியது. சம்மதம் கேட்டவர்கள் அவவிடம் மட்டும் கேட்டார்கள். அந்த வீட்டில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

இடவசதியையும் பார்க்கவேண்டும். போனில் எடுக்கும் நல்ல வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு நாலு முதல் எட்டு ஜிகாபைற் வரை பிடிக்கும். அதே ஒரு மணித்தியாலக் குரலை, சுருக்காத வேவ் கோப்பாக உயர்ந்த தரத்தில் பதிந்தாலும் அரை ஜிகாபைற்தான். பல பிரதி வைக்கவேண்டும் என்று வரும்போது இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும். இருபது பேரின் குரல் ஒரு சின்ன மெமரி காட்டுக்குள் அடங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது குரல்தான். ஏன் என்று ஒரு பதிவை வைத்துச் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். கதை தொடங்க முன்னம், "பொறு பிள்ளை" என்று சொல்லி ஜெய்ப்பூர்க் காலைக் கழற்றி நாற்காலிக்குப் பக்கத்தில் சாத்திவைத்தார். வார் இழுபடுகிற சரக் என்ற சத்தம் பதிவில் இருக்கிறது. வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் உள்ள கிளாலிக் கடலால் படகில் வந்த ஒரு இரவைச் சொல்லிக்கொண்டு வந்தவர், "எனக்குப் பக்கத்தில ஒரு தாய்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். நாற்பது விநாடி. பக்கத்து வளவில் நீர்ப்பம்பு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு வேறு கதைக்குப் போய்விட்டார். நான் அந்தத் தாயைப் பற்றித் திரும்பக் கேட்கவில்லை. எழுத்தில் இந்த நாற்பது விநாடியை எப்படி வைப்பது? மூன்று புள்ளி போடலாம். அது போதாது.

பேச்சு மொழியும் அப்படித்தான். "உங்கை கிணத்தடியில" என்று அவர் கை காட்டிச் சொல்கிறார். அங்கையும் இல்லை, இஞ்சையும் இல்லை, உங்கை. எழுதித் தந்தவர்களின் கொப்பிகளில் இது பெரும்பாலும் "அங்கே" ஆகிவிடுகிறது. கூகுள் இப்போது இலங்கைத் தமிழையும் கேட்டு எழுதித்தரும் என்றாலும், எங்கள் ஊர்ப் பேச்சில் அது பல இடங்களில் தடுமாறுகிறது. அதோடு அப்படிச் செய்தால் அந்தக் குரல் இணையம் வழியாக இன்னொருவரின் கணினிக்குப் போய்வருகிறது. மூடிவைப்பதாக வாக்குக் கொடுத்த பதிவை நான் அதில் போடமாட்டேன். கையால் எழுதுகிறேன். ஒரு மணித்தியாலப் பதிவை எழுதி முடிக்க எனக்கு ஆறேழு மணித்தியாலம் போகிறது.

குரல் ஆளைக் காட்டிக்கொடுக்காது என்று யாரும் நினைக்கவேண்டாம். எங்கள் ஊர் அளவான இடத்தில் ஒருவர் இருமினாலே யார் என்று தெரியும். வீடியோவோடு பார்க்கும்போது ஆபத்துக் குறைவு, அவ்வளவுதான்.

கொப்பியை நான் முன்பு குறைவாக மதித்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவ, மருத்துவப் பிரிவில் இருந்த ஒரு அக்கா. குரல் பதிய மறுத்துவிட்டா. "என்ர குரலை நானே கேக்கேலாது" என்றா. ஒரு சீஆர் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை நித்திரையான பிறகு, இரவில் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று மாதம் எழுதினா. சில பக்கங்களில் பேனை அழுத்தி அழுத்தி மறுபக்கத்தில் எழுத்து புடைத்துநிற்கிறது. வாயால் ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டா என்று நான் நிச்சயமாக நம்புகிற விஷயங்கள் அதில் இருக்கின்றன. கொப்பியைத் தரமுன்னம் என் கண் முன்னாலேயே நாலு ஒற்றையைக் கிழித்து அடுப்புக்குள் வைத்தா. எனக்கு நெஞ்சு பதறியது. ஆனால் அதுதான் கொப்பியின் பலம். சொன்னதைத் திருப்பி எடுக்கும் உரிமை சொன்னவர் கையிலேயே இருக்கிறது. பதிந்த குரலில் நாலு நிமிடத்தை அழித்துவிட்டேன் என்று நான் சொன்னால் அவ என்னை நம்பவேண்டும். அடுப்பை அப்படி நம்பத் தேவையில்லை.

கறையானும் இராமபாணமும் கொப்பிக்கு எதிரி. பொலித்தீனில் சுற்றினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பழைய பிஸ்கட் தகரத்துக்குள், காய்ந்த வேப்பிலையோடு வைத்தது இதுவரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

மலர் அடிப்பது பற்றி அதிகம் சொல்ல இல்லை. அச்சுக்குப் போனால் எல்லாக் கதையும் ஒரே மொழியில், ஒரே நீளத்தில் திருத்தப்படும். அது வேறு வேலை. மூலம் பத்திரமான பிறகு செய்யலாம்.

யாரிடம் வைப்பது

எதில் பதிவது என்பதை விட இதுதான் எங்களைக் கனநேரம் இருத்திவைத்தது.

வீட்டிலேயே வைப்பது இயல்பான வழி. ஆனால் யாழ்ப்பாணத்து வீடு எதைக் காப்பாற்றியது, எதைக் காப்பாற்றவில்லை என்று எங்களுக்குத் தெரியும். 1995 ஐப்பசி 30 இல், இராணுவம் முன்னேறி வர, யாழ் நகரமும் சேர்ந்த வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. எங்கள் அம்மாவின் பைக்குள் ஒரு கசெற் இருந்தது. மாமாவின் குரல். மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி, அந்த மின்னில் பதிந்தது. ஜேர்மனியில் இருந்த அண்ணாவுக்கு அனுப்ப எடுத்தது, போகவில்லை. 2011 இல் அதை எண்ணிமமாக்கக் கொடுத்தபோது பாதிக்கு மேல் பூஞ்சணம். பதினொரு நிமிடம் தப்பியது. சைக்கிளைச் சுற்றியவரின் கை களைத்த இடங்களில் மாமாவின் குரல் வேகமாகி மெலிந்து கேட்கிறது. மாமாவின் படங்களை அதற்கு முன்பே கிணற்றடியில் புதைத்துவிட்டோம், சோதனைக்கு வருவார்கள் என்ற பயத்தில். திரும்பி வந்து தோண்டினால் கூழ். இப்படி ஒரு கதை இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு.

ஒரே ஒரு இடத்தில் வைப்பதன் ஆபத்தை இந்த நகரத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை சுமார் 97,000 நூல்கள். அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன.

வெளிநாட்டில் ஒரு பிரதி வைப்பது அதற்கு ஒரு மருந்து. நெருப்பு, தண்ணீர், சோதனை மூன்றில் இருந்தும் தப்பும். ஆனால் யாரிடம் என்பதைப் பார்க்கவேண்டும். அங்கே உள்ள எங்கள் உறவுகளுக்கு ஏக்கம் அதிகம். அந்த ஏக்கத்தில், கேட்காமலே ஒரு துண்டை வெட்டிப் பின்னணி இசை போட்டு நினைவுநாள் காணொளியில் சேர்த்துவிடுகிறார்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் அவர்கள் அங்கே, பேசியவர் இங்கே. விசாரணைக்கு யாராவது வந்தால் கதவு தட்டப்படுவது இங்கே.

நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005 இல் இருந்து ஈழத்துத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துத் திறந்துவைத்திருக்கிறது. அவர்களின் ஆவணகத்தில் ஒலிப்பதிவுகள், வாய்மொழி வரலாறுகளும் இருக்கின்றன. கோப்புகளைப் பராமரிக்க, பழைய வடிவத்தில் இருந்து புதியதற்கு மாற்ற, விவரக்குறிப்பு எழுத எங்களைப்போல ஒரு சனசமூக நிலையத்தால் முடியாது. அவர்களுக்கு அது தொழில். மூத்தவர்களில், பெயரோடு உலகம் கேட்கட்டும் என்று மனமார நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அப்படி நினைக்காதவர்களுக்கு, திறந்த இடம் எவ்வளவு நல்ல இடமானாலும் பொருந்தாது.

அப்போது ஒரு தம்பி கேட்டான்: "அப்ப மூடிக் கொடுக்கலாமே ரீச்சர், ஆள் செத்தாப் பிறகு திறக்கிற மாதிரி?" அந்த யோசனை எனக்கும் முன்பு இருந்தது. அதைக் கைவிடவைத்தது அயர்லாந்துக் கதை. அமெரிக்காவின் பொஸ்ரன் கல்லூரி 2001 இல் இருந்து 2006 வரை, வட அயர்லாந்தில் ஆயுதம் தூக்கிய இரண்டு பக்கத்தவர்களையும் பேட்டி எடுத்துச் சேர்த்தது. நீங்கள் உயிரோடு இருக்குமட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துத்தான் எடுத்தார்கள். கடலுக்கு அப்பால், வேறு நாட்டில், பெரிய கல்லூரி ஒன்றின் நூலகத்தில். இதைவிடப் பத்திரம் என்ன வேண்டும்? 2011 இல் வட அயர்லாந்துப் பொலிசுக்காகப் பிரித்தானியா கேட்க, அமெரிக்க நீதிமன்றம் வழியாக ஆணை வந்தது. வழக்காடியும் 2013 இல் சில பதிவுகளைக் கொடுக்கவேண்டி வந்தது. அடுத்த வருடம் ஆட்களைப் பிடித்து விசாரித்தார்கள். அதற்குப் பிறகுதான், விரும்பியவர்கள் தங்கள் பதிவைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று கல்லூரி அறிவித்தது. பேட்டி எடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்களால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டார்கள். நீதிமன்றம் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று சொல்லும் வலு எங்கள் ஆறு பேருக்கும் இல்லை. ஆகவே இல்லாத பூட்டைக் காட்டி ஒருவரையும் பேசவைக்கமாட்டோம் என்று அன்றே முடிவெடுத்தோம்.

இதனால்தான் கேள்விகளையும் மாற்றினோம். எந்தத் தாக்குதல், யார் கட்டளை, கூட இருந்தவர் பெயர் என்ன என்று நாங்கள் கேட்பதில்லை. சொல்ல வந்தாலும், "அண்ணை, பேர் வேண்டாம்" என்று இடையில் சொல்லிவிடுகிறோம். வீட்டை விட்டுப் போன அன்று என்ன சாப்பிட்டீர்கள், முதல் கடிதத்தை யார் கொண்டுவந்தது, திரும்பி வந்தபோது நாய் அடையாளம் கண்டதா என்று கேட்கிறோம். இதனால் வரலாற்றில் ஒரு பங்கு எங்கள் பதிவுகளுக்குள் வராது. அது எனக்குத் தெரியும், கவலையும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்குத் தேவைப்படும் சாட்சியம் வேறு. அதைச் சட்டம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கச் செய்யவேண்டும். ஒரு வரலாற்று ரீச்சர் போனை நீட்டிக்கொண்டு செய்யும் வேலை அது இல்லை.

எங்கள் முடிவு

மூத்தவர்களுக்குக் குரல். அவர்களின் வீட்டிலேயே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறியை நிறுத்தி, சட்டைக் கொலரில் ஒரு கிளிப் மைக். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுத்தான் பதிவு. அன்று இரவே இரண்டு இடத்துக்குப் பிரதி. ஒருமுறை நான் பிரதி எடுக்காமல் போனைத் திருத்தக் கொடுத்து, கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துத் தர, மூன்று மணித்தியாலக் கதை போய்விட்டது. கையில் மிஞ்சியது வட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு நிமிடம், அதுவும் சுருங்கிப்போய். அந்த ஐயாவிடம் திரும்பப் போய்க் கேட்டேன். "ஒருக்காச் சொல்லியாச்சு பிள்ளை" என்றுவிட்டார்.

விரும்பினால் ஆவணகத்துக்கு, பெயரோடு. இல்லையென்றால் ஒரு பிரதி அவரிடம், ஒன்று எங்களிடம், ஒன்று அவரே காட்டும் ஒரு உறவிடம்.

இளையவர்களிடம் நாங்களாகப் போய்க் கேட்பதில்லை. வந்தால், முதலில் கொப்பி. குரல்தான் வேண்டும் என்றால் பதிந்து அவர்களிடமே கொடுத்துவிடுகிறோம், எங்களிடம் பிரதி இல்லை. இதைக் கேட்ட பெடியளுக்கு மனம் ஆறவில்லை. "அப்ப எங்களுக்கு என்ன மிஞ்சுது?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான். ஆனால் முப்பத்தைந்து வயது ஆளுக்கு இன்னும் முப்பது வருடம் இருக்கிறது. அவர் விரும்பும் காலத்தில் தரட்டும். கையில் ஒரு பதிவு இருந்தால்தானே தரவும் முடியும்.

சம்மதத் தாளில் மட்டும் கொஞ்சம் இழுபறி. கையெழுத்து வாங்கவேண்டும் என்றார் செயலாளர். பெயரும் கையெழுத்தும் உள்ள தாள் எங்கள் பெட்டிக்குள் இருந்தால், குரலில் பெயரை மறைத்து என்ன பயன்? கடைசியில், பதிவுக்கு ஒரு எண் மட்டும் போடுவது, தாளைக் கதை சொன்னவரிடமே கொடுத்துவிடுவது என்று ஆனது. தாளில் நாலு கேள்வி. யார் கேட்கலாம்? எப்போதிலிருந்து? பெயர் போடலாமா? நீங்கள் இல்லாத காலத்தில் யார் முடிவு சொல்வது? பதிவு தொடங்க முன்னமே இதை வாசித்துக் காட்டுகிறோம். முடிந்த பிறகு திரும்ப வாசிக்கிறோம். கதை சொல்லி முடித்தவரின் பதில் சில நேரம் மாறியிருக்கும்.

போன ஞாயிறு முதல் ஆளிடம் போனோம். வெங்காயத்துக்குத் தண்ணி மாறிவிட்டு வருகிறேன் என்று எங்களை விறாந்தையில் இருத்திவிட்டுப் போனார். ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் பேசினார். முடிந்த பிறகு மகளைக் கூப்பிட்டு மூக்குக்கண்ணாடியை எடுப்பித்துத் தாளை நிரப்பினார். யார் கேட்கலாம்: என்ர பேரப்பிள்ளையள். எப்போதிலிருந்து: கேக்கிற வயசு வந்தா. பெயர்: போடலாம். நாலாவது கேள்விக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டு, அறைக்குள் போன மகளின் பக்கம் கொஞ்சநேரம் பார்த்தார். "இதை அவவிட்ட கேட்டுத்தான் எழுதவேணும். அவவுக்கு இதொண்டும் தெரியாது" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.